அடிக்கு இரண்டு அங்குலம்

“வீட்டுக்குள்ள இது இருக்கணும், அது இருக்கணும்னு உங்களுக்கு ஏதாவது ஆசை இருந்தா இப்பவே சொல்லிடுங்க.”

“எனக்கென்ன ஆசை? நீ எதை வச்சாலும் சரிதான்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நாளைக்கு நாற்காலி சரியில்ல, மேஜை சரியில்லன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது.”

“என் மூஞ்சி ஏற்கெனவே ஆறடிக்கு மேலதான் இருக்கு. இன்னும் எங்க தூக்கி வைக்கிறது?”

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு பழச்சாற்றுக் கடையின் மூலை மேஜையில் நடந்த பேச்சு இது. அவள் சிரித்த சிரிப்பில் உறிஞ்சுகுழலுக்குள் மேலே வர வேண்டிய சாறு கீழே போய்க் குமிழியிட்டது. அந்தக் குமிழியில் மயங்கி, “சத்தியமா எதுவுமே கேக்க மாட்டேன், போதுமா?” என்று அவன் கூடுதலாக ஒரு வாக்கையும் கொடுத்துத் தொலைத்தான். யாரும் கேட்காமல் தானாகப் போய்க் கொடுத்த வாக்கு. அதனாலேயே அதைத் திரும்ப வாங்க வழியில்லாமல் போயிற்று.

பதினோரு வருடம் ஆகிவிட்டது. இப்போது அவனுக்குக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று இருந்தது. கேட்கத்தான் வாய் வரவில்லை.

அவனுக்கு ஒரு கட்டில் வேண்டும். காலை நீட்டினால் பாதம் கட்டிலுக்குள்ளேயே இருக்க வேண்டும். பக்கத்தில் மனைவிக்கும் இடம் இருக்க வேண்டும். மூன்று வருடமாக மகளின் அறையில் படுத்துக்கொண்டிருக்கும் மனைவி அந்த இடத்துக்குத் திரும்பி வர வேண்டும். உண்மையில் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். ஆனால் கட்டில் பேச்சை எடுத்தால்தானே அங்கே போய்ச் சேர முடியும்?

இதிலுள்ள சங்கடம் புரிய வேண்டுமானால், அவள் வேலையைப் பற்றித் தெரிய வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்டும் ஒரு நிறுவனத்தில் அவள் உள் அலங்கார வடிவமைப்பாளர். ஒவ்வொரு வருடக் கடைசியிலும் ‘வரும் ஆண்டின் வீடு’ என்று ஒரு மாதிரி வீட்டை அமைத்துத் திறப்பார்கள். வரப்போகும் வருடத்தில் மக்கள் மனதைப் பறிக்கப்போகும் பத்து அம்சங்கள் அதில் இருக்கும். அந்தப் பத்தையும் தேர்ந்தெடுப்பவள் அவள்தான். வீடு வாங்க வருபவர்கள் சுற்றிப் பார்த்துவிட்டு, “அட, சின்ன ரூம்னு நினைச்சோம், எவ்வளவு தாராளமா இருக்கு!” என்று வியப்பார்கள்.

தாராளமாகத்தான் இருக்கும். ஏனென்றால் அங்கே எந்தச் சாமானும் நிஜ அளவில் கிடையாது. அடிக்கு இரண்டு அங்குலம் குறைத்துச் செய்வது அந்தத் தொழிலில் ஒரு ரகசியம். ஆறரை அடிக் கட்டில் ஐந்தடி ஐந்து அங்குலம் ஆகும். சாமான் சிறுத்தால் அறை பெருத்துத் தெரியும். கதவுகளைக் கழற்றி விடுவார்கள். கதவில்லாத அறை இன்னும் பெரிதாகத் தெரியும். பழங்கள் மெழுகு, தொலைக்காட்சி அட்டை. வேலை செய்பவர்கள் அவளை முதுகுக்குப் பின்னால் ‘ரெண்டு இன்ச் மேடம்’ என்பார்கள். அவளுக்கும் தெரியும். பெருமையாகக்கூட எடுத்துக்கொண்டாள்.

வருடம் முடிந்து வீட்டைக் கலைக்கும்போது அந்தச் சாமான்களை என்ன செய்வது? வெளியாள் யாருக்கும் அவை உதவா. “எடுத்துட்டுப் போம்மா” என்பார் முதலாளி. ஒவ்வொன்றையும் பெற்ற பிள்ளை போலப் பார்த்துப் பார்த்துச் செய்தவள், குப்பையில் போட மனம் வருமா? லாரி நேராக அவர்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

ஆகவே அவர்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜை வெள்ளை வருடத்தைச் சேர்ந்தது. சோபா, நேர்கோட்டு வருடம். அலமாரி, சாம்பல் வருடம். அந்த வருடம் மகள் பால் குடிக்கும் குவளைகூடச் சாம்பல் நிறம். பால் கெட்டுப்போய்விட்டது என்று குழந்தை இரண்டு வாரம் குடிக்கவேயில்லை. எட்டு வயது மகளுக்கு மட்டும் அந்த வீடு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்தியது. அப்பா சோபாவிலிருந்து எழுந்திருக்கப் படும் பாட்டைப் பார்த்து ஒருநாள் நிஜமான அக்கறையுடன் கேட்டது: “அப்பா, நீங்க எப்பப்பா வளர்றதை நிறுத்துவீங்க?”

இத்தனைக்கும் அவன் தொழில் என்ன தெரியுமா? பிசியோதெரபிஸ்ட். ஊராரின் முதுகுவலியையும் கழுத்துவலியையும் நீவிச் சரிசெய்கிறவன். “படுத்தா கால் முழுசா நீளணும். பாதம் கட்டிலுக்கு வெளிய தொங்கக் கூடாது. முதுகுக்கு அதுதான் முதல் எதிரி” என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்குப் பாடம் எடுப்பான். பிறகு வீட்டுக்கு வந்து, பாதத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு படுப்பான்.

கட்டில் கதை தனிக் கதை. கல்யாணமான புதிதில் முதல் மாதிரி வீட்டுக் கட்டில்தான். அப்போது இடம் போதாது என்பது ஒரு குறையாகவே தெரியவில்லை. சொல்லப்போனால் வசதியாகவே இருந்தது. நான்கு வருடத்துக்கு முன் அதன் கால் ஒன்று ஆட்டம் கண்டது. அவளே மனமிரங்கி, “நமக்குன்னு ஒண்ணு புதுசா செய்யச் சொல்றேன், நிஜ அளவுல” என்றாள். அவன் கேட்கவே வேண்டியிருக்கவில்லை! மூன்று வாரம் மனிதன் தரையில் நடக்கவில்லை.

கட்டில் வந்தது. தேக்கு நிறம், தலைமாட்டில் அழகான பலகை. அவன் படுத்தான். பாதம் எட்டு அங்குலம் வெளியே நீண்டது. எங்கேயோ ஏதோ தப்பு என்று நிமிர்ந்து பார்த்தால், அறை வாசலில் அவள் இரண்டு கையையும் கோத்து மோவாய்க்குக் கீழே வைத்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை போல நிற்கிறாள்.

“எப்படி இருக்கு?”

“பிரமாதம்” என்றது அவன் வாய்.

வாய் சொன்னதற்கு முதுகு பொறுப்பேற்றது. இரண்டு வருடத்துக்குப் பிறகுதான் அவனுக்கு விஷயமே தெரிந்தது. மாதிரி வீட்டுக்கு எல்லாம் செய்து தரும் தச்சர் இடுப்பு வலி என்று அவனிடமே வந்தார். குப்புறப் படுக்க வைத்து, இடுப்பில் சூட்டு விளக்கைக் காட்டினால் மனிதர்களுக்கு உண்மை பேசத் தோன்றிவிடும்.

“டாக்டர், மனசுல ஒரு பாரம்.”

“மனசுல இல்ல, இடுப்புல. சொல்லுங்க.”

“உங்க வீட்டுக் கட்டில்… அம்மா வரைஞ்சு குடுத்த படத்துல ஆறரைக்கு அஞ்சுன்னுதான் போட்டிருந்தாங்க. நிஜ அளவுன்னு ஓரத்துல எழுதிக்கூட வச்சிருந்தாங்க. இருபது வருஷக் கை டாக்டர் இது. படத்தைப் பாத்ததும் அடிக்கு ரெண்டு இன்ச்சை அதுவாவே கழிச்சிடுச்சு. மெத்தையையும் அதே கணக்குக்கு வெட்டச் சொல்லி அனுப்பிட்டேன். அப்புறம்தான் ஓரத்துல எழுதினதைப் படிச்சேன். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. தொழில்ல என் மானம் போயிடும்.”

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தான், சொல்லவுமில்லை. எப்படிச் சொல்வது? தானே ‘பிரமாதம்’ என்று முத்திரை குத்திய சாமான் ஆயிற்றே.

அவளுக்கு எப்படித் தெரியாமல் போனது என்று கேட்கலாம். அவள் கண் பழகிய விதம் அப்படி. குட்டி மேஜை, குட்டி அலமாரி, குட்டி நாற்காலிகளுக்கு நடுவில் அந்தக் கட்டில் சரியாகவே இருந்தது. கொஞ்சம் பெரிதாகக்கூடத் தெரிந்தது. ஊரையெல்லாம் நம்பவைத்த வித்தை, அதைச் செய்தவளையும் நம்பவைத்துவிட்டது. அவனோ மூலைக்கு மூலை குறுக்காகப் படுத்தால்தான் கட்டிலில் அடங்குவான். குறுக்காகப் படுத்தவனுக்கு இரண்டு பக்கமும் மிஞ்சுவது இரண்டு முக்கோணம். முக்கோணத்துக்குள் ஒரு மனுஷி எத்தனை நாள் படுப்பாள்? ஒரு மழைக்காலத்தில், “குட்டி இடிச் சத்தத்துக்குப் பயப்படறா. ரெண்டு நாள் அவகூடப் படுத்துக்கறேன்” என்று தலையணையோடு போனாள். இரண்டு நாள் மூன்று வருடம் ஆயிற்று.

இந்த வருடமும் கடைசி மாதம் வந்தது. சாப்பாட்டு மேஜை முழுக்கத் துணித் துண்டுகளும் மரத்துண்டுகளும் பரப்பி, தட்டு வைக்க இடமில்லாமல் செய்துவிட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அவன் முழங்காலை மேஜைக்கு அடியில் நுழைக்க முடியாமல் பக்கவாட்டில் திரும்பிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“இந்த வருஷம் முதல் இடம் எதுக்குத் தெரியுமா? வளைவுக்கு!”

“போன தடவை நேர்கோடுதான் எல்லாம்னு சொன்னியே?”

“அது போன தடவை. இனிமே வீட்டுல கூர்மையா ஒரு மூலை இருக்கக் கூடாது. சோபா, மேஜை, நிலைப்படி எல்லாமே வளைவு. மனசுக்கு இதமா இருக்கும்.”

“முழங்காலுக்கும்” என்றான் அவன், மேஜை மூலை இடித்த இடத்தைத் தடவிக்கொண்டே.

“அடுத்தது மண் நிறம். செங்கல், களிமண், காஞ்ச இலை, இந்த மாதிரி. சுவத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சு. ஒரே சீரா இருக்காது. திட்டுத் திட்டா, மேகம் மாதிரி தெரியும்.”

“நான் சுவத்துல மேகம் போட்டப்ப மட்டும் திட்டினீங்க” என்றது மகள்.

“நீ போட்டது குழம்புல, கண்ணு. பேசாம சாப்பிடு. அப்புறம் சோபாவுக்கு ஆட்டுக்குட்டி முதுகு மாதிரி சுருள் சுருளா துணி. கட்டில் பக்கத்துல காளான் மாதிரி விளக்கு.”

“ஆடு, காளான்… அப்ப வீட்டுக்குள்ள மழையும் பெய்யுமா?”

“கிண்டல் பண்ணாதீங்க. ஒன்பதாவது, படிக்கிற மூலை. ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, ஒரு வரிசை புஸ்தகம்.”

“நிஜப் புஸ்தகமா?”

“முதுகு மட்டும் நிஜம்.” பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அவள் பெருமூச்சு விட்டாள். “ஒன்பதும் செஞ்சு முடிச்சாச்சு. பத்தாவதுதான் வரவே மாட்டேங்குது. மண்டை காஞ்சு போச்சு. ஏங்க, ஒரு வீட்டுல மனுஷங்களுக்கு உண்மையில என்னதான் வேணும்? நீங்க ஒண்ணு சொல்லுங்களேன்.”

கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது போல இருந்தது அவனுக்கு. கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தான். 

“பெரிய…”

“ம்?”

“பெரிசா ஒரு…”

அவள் பென்சிலை எடுத்துவிட்டாள். கண்களில் அப்படி ஒரு எதிர்பார்ப்பு. பழச்சாற்றுக் கடையில் கொடுத்த வாக்கு, தச்சருக்குக் கொடுத்த வாக்கு, தன் வாயாலேயே சொன்ன ‘பிரமாதம்’ மூன்றும் சேர்ந்து அவன் தொண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டன.

“…பெரிசா ஒரு தொட்டிச் செடி.”

“அகல இலையா, கூரை வரைக்கும்! அட, நல்லா இருக்கே!” அவள் எழுதிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“செடிதான் வேணுமாப்பா உங்களுக்கு?” என்றது மகள் சந்தேகமாக.

“வாயை மூடிட்டுச் சாப்பிடு.”

மறுநாள் சிகிச்சை அறையில், நோயாளிகளுக்கு விளக்கிக் காட்டுவதற்காக ஆணியில் தொங்கும் பிளாஸ்டிக் முதுகெலும்பின் முன்னால் நின்று அவன் ஒத்திகை பார்த்தான். “இதப் பாரும்மா, உன்கிட்ட ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு…” முதுகெலும்பு மறுப்புச் சொல்லாமல் லேசாக ஆடியது. தைரியம் வந்து, “நீ திரும்பி வந்துடு” என்று அதன் கழுத்தைத் தொட்டபோது, திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“யாரை டாக்டர் வரச் சொல்றீங்க? என்னையா? முன்னாடி ரெண்டு பேர் இருக்காங்களே?”

கழுத்து வலிக்கு வரும் தையல்கார அக்கா. இருபத்தைந்து வருடம் குனிந்து தைத்த கழுத்து. தோளில் அளவு நாடா இல்லாமல் யாரும் அவரைப் பார்த்ததில்லை; சிகிச்சைக்குக் குப்புறப் படுக்கும்போதுகூட அதைக் கழற்ற மாட்டார்.

“உங்களைத்தான் அக்கா. வாங்க” என்று சமாளித்தான்.

“வர்ற ஞாயித்துக்கிழமை வர முடியாது டாக்டர். நானும் வீட்டுக்காரரும் புது வீடு பாக்கப் போறோம். மாதிரி வீடு திறக்கறாங்களாம்” என்றார் அக்கா. அவன் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மனைவியிடமிருந்து அழைப்பு வந்தது. குரலில் பதற்றம்.

“ஏங்க, அந்த வெளிர் பழுப்புச் சட்டையைப் போட்டுட்டு உடனே கிளம்பி வாங்க. குட்டியைப் பக்கத்து வீட்டுல விட்டுடுங்க.”

“என்ன ஆச்சு?”

“மாதிரி வீட்டுக்குள்ள புருஷன் பொண்டாட்டி மாதிரி நிக்க ரெண்டு பேரை வரவழைப்போமே, குள்ளமா? ஆறு வருஷமா அதே ஜோடி. இன்னிக்குக் காலையில அவங்க ரெண்டு பேரும் நிஜமாவே கல்யாணம் பண்ணிக்கப் போயிட்டாங்களாம்! ‘மன்னிச்சிடுங்க மேடம், நடிச்சு நடிச்சுப் பழகிடுச்சு’ன்னு செய்தி அனுப்பியிருக்காங்க. முதலாளி கத்தறார். நீங்களும் உங்க வீட்டுக்காரரும் நில்லுங்கன்னுட்டார்.”

“நான் நின்னா உன் வீடு தாங்குமா?”

“அதான் எனக்கும் பயம். வாங்க, சொல்றேன்.”

போனதும் வாசலிலேயே நிறுத்திச் சட்டதிட்டம் சொன்னாள். சோபாவில் உட்காரக் கூடாது. அலமாரி பக்கத்தில் நிற்கவே கூடாது. முக்கியமாக, கட்டில் இருக்கும் திசைக்கே போகக் கூடாது.

“அப்ப நான் என்னதான் செய்யட்டும்?”

“சன்னல் பக்கம் திரும்பி நின்னு, சந்தோஷமா தூரத்தைப் பாருங்க.”

“சன்னலுக்கு அந்தப் பக்கம் சுவர்தானே?”

“ஏரி படம் ஒட்டியிருக்கு. அதைப் பாருங்க.”

பார்த்தான். சொன்னபடியே சந்தோஷமாகப் பார்த்தான். அவள் களிமண் நிறப் புடவையில், சுண்ணாம்புப் பூச்சுச் சுவருக்கு முன்னால் அவ்வளவு அழகாக இருந்தாள். கூட்டம் வந்தது, வளைவைத் தடவியது, ஆட்டுக்குட்டித் துணியில் கன்னத்தை வைத்துப் பார்த்தது. “எவ்வளவு தாராளமா இருக்கு!” என்றது. கூரை வரைக்கும் எழும்பிய அகல இலைச் செடிக்கு நல்ல பெயர். முதலாளி கைகளைத் தேய்த்துக்கொண்டே அறைக்கு அறை நடந்தார். தச்சர் எங்காவது திருகாணி கழன்றால் மாட்டுவதற்காகத் திருப்புளியுடன் ஓரமாக நின்றார். ஒரு மணி நேரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

“டாக்டர்!”

தையல்கார அக்கா. பின்னால் அவர் கணவர்.

“நீங்களும் இங்க வாங்கறீங்களா டாக்டர்? நல்லதாப் போச்சு! ஏங்க, இவர்தான் என் கழுத்து டாக்டர். டாக்டர், கட்டிலோட சேத்துத் தர்றாங்களாம். அந்தக் கட்டில் முதுகுக்கு ஆகுமான்னு நீங்களே படுத்துப் பாத்துச் சொல்லிடுங்க. நீங்க சரின்னா எங்களுக்கும் சரி.”

‘சரி’ என்ற சொல் எங்கே விழுந்தாலும் முதலாளியின் காதில் விழும். “டாக்டரா நீங்க? சொல்லவேயில்லையே! படுங்க சார், தாராளமா படுத்துப் பாருங்க!” என்று அவனைத் தள்ளாத குறையாகப் படுக்கையறைக்கு அழைத்துப் போனார். விற்பனை ஆசையில் அளவு அவருக்கு மறந்துவிட்டது. கூட்டத்துக்குப் பின்னால் மனைவி கண்ணை உருட்டினாள், தலையை ஆட்டினாள், கையால் காற்றை வெட்டினாள்.

அவனுக்கா அந்தக் கட்டிலில் படுக்கத் தெரியாது? நான்கு வருடப் பயிற்சி. ஒருக்களித்து, முழங்காலை மடித்து, தோளைச் சுருக்கி, ஐந்தடி ஐந்து அங்குலத்துக்குள் ஆறடி ஓர் அங்குலத்தைக் கச்சிதமாக அடக்கிவிட்டான். மனைவிக்கு மூச்சு வந்தது.

“அப்படி இல்ல டாக்டர்” என்றார் அக்கா. “எங்களுக்குச் சொல்லித் தருவீங்களே, மல்லாந்து படுத்து, காலை நல்லா நீட்டி. அப்படிப் படுங்க.”

எல்லாரும் காத்திருந்தார்கள். தினம் பத்துப் பேருக்குச் சொல்கிற பாடம். அவன் மெல்ல மல்லாந்து, காலை நீட்டினான்.

பாதம் இரண்டும் கட்டிலைக் கடந்து, கால்மாட்டிலிருந்த காளான் விளக்கைத் தட்டின. காளான் உருண்டது. அதைப் பிடிக்க அவன் சடாரென்று எழுந்தான், பாதி எழுந்தான். இடுப்பில் ‘டக்’ என்று ஏதோ பூட்டிக்கொண்டது. “அம்மா!” என்று அப்படியே பின்னால் சாய்ந்தான். அதற்குப் பிறகு அசைய முடியவில்லை.

 அக்காவின் கண்கள் சுருங்கின. பார்த்த மாத்திரத்தில் மனிதர்களின் இடுப்புச் சுற்றளவைச் சொல்கிற கண்கள் அவை. தோளிலிருந்த நாடா தானாகக் கைக்கு வந்தது. கட்டிலின் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை விரித்தார்.

“அறுபத்தஞ்சு இன்ச். அஞ்சடி அஞ்சு! ஏங்க, இது பள்ளிக்கூடப் பிள்ளைங்க படுக்கற கட்டில்!”

“அது வந்தும்மா… வளைவுப் பாணி… கொஞ்சம் உள்வாங்கித் தெரியும்…” என்று முதலாளி இழுத்தார்.

“நாடாவுமா உள்வாங்கும்?”

அவ்வளவுதான். கூட்டம் கலைந்து வீட்டையே அளக்கத் தொடங்கியது. ஒருவர் தன் சட்டையைக் கழற்றி அலமாரியில் மாட்டிப் பார்த்தார். அதன் கீழ்ப்பக்கம் மடிந்து தரையில் படுத்துக்கொண்டது. கூடத்திலிருந்து, “நாற்காலியில மாட்டிக்கிட்டேன், யாராவது இழுங்க!” என்று ஒரு கனத்த குரல் கேட்டது. முதலாளி இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு அந்தத் திசைக்கு ஓடினார்.

மனைவி கட்டில் விளிம்பில் வந்து உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் ரகசியமாகச் சீறியது.

“எத்தனை தடவை சொன்னேன், இந்தப் பக்கம் வராதீங்கன்னு! எங்க வலிக்குது?”

“இடுப்பு. முழங்காலை மடக்கி விடு… மெதுவா… அப்படித்தான். அஞ்சு நிமிஷம் இப்படியே இருந்தா விட்டுடும்.”

“ஒரு வருஷ வேலை, ஒரு நிமிஷத்துல கப்பல் ஏறிடுச்சு. இது என்ன நம்ம வீட்டுக் கட்டிலா, ஆறரை அடிக்கு நீட்டி நிமிர்ந்து படுக்க?”

அவன் கூரையைப் பார்த்தான்.

“நம்ம வீட்டுக் கட்டிலும் இதே நீளம்தான்மா.”

“உளறாதீங்க. அதை வரைஞ்சது நான். ஆறரைக்கு அஞ்சு.”

அவன் தச்சருக்கு வாக்குக் கொடுத்தவன். ஆனால் வாங்கியவர் நிலைப்படி ஓரமாக நின்று, திருப்புளியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தார். அவள் திரும்பினாள்.

“அண்ணா, மேல என்ன பாக்கறீங்க?”

“ஒண்ணுமில்லம்மா. வளைவு நல்லா வந்திருக்கான்னு…”

“அண்ணா.”

தச்சரின் தோள்கள் இறங்கின. “பழக்க தோஷம்மா. அடிக்கு ரெண்டு இன்ச் அதுவாவே போயிடுச்சு. டாக்டர் பாவம், ரெண்டு வருஷமா என்னைக் காட்டிக் குடுக்கல.” சொல்லிவிட்டு, கூடத்து நாற்காலியில் மாட்டிக்கொண்டவரைக் காப்பாற்றப் போகிறவர் போல நழுவினார்.

அவள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. அகலம் நாலடி இரண்டு அங்குலம். நாலு வருடம். குறுக்காகப் படுத்த ஆறடி மனிதன். இரண்டு முக்கோணம்.

“ஏன் சொல்லல?”

“நீ வாசப்படியில நின்னு எப்படி இருக்குன்னு கேட்ட. உன் முகத்தைப் பாத்தேன். பிரமாதம்னு வந்துடுச்சு.”

அவள் புடவைத் தலைப்பைச் சுருட்டினாள். பிறகு, அவனைப் பார்க்காமல், இந்த அறைச் சன்னலிலும் ஒட்டியிருந்த ஏரிப் படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“நான் என்ன நினைச்சேன் தெரியுமா? அவ்வளவு பெரிய கட்டில்ல ஒருத்தர் மூலைக்கு மூலை படுத்தா, பக்கத்துல ஆள் வேண்டாம்னு அர்த்தம்னு நினைச்சேன். வாயால சொல்லச் சங்கடப்பட்டுக்கிட்டு உடம்பால சொல்றார்னு நினைச்சேன். குட்டிக்கு இடின்னா பயமே கிடையாதுங்க. சன்னலைத் திறந்து வச்சுக் கைதட்டுவா. சும்மா சொன்னேன்.”

தையல்கார அக்காவுக்கு நாகரிகம் தெரியும். நாடாவைச் சுருட்டிக்கொண்டு, கணவரையும் இழுத்துக்கொண்டு வெளியே போய், பின்னால் கதவைச் சாத்தக் கையை நீட்டினார். கதவு இல்லை. ஆகவே சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, காதை மட்டும் இந்தப் பக்கம் விட்டு வைத்தார்.

கூடத்தில் நாற்காலி உடையும் சத்தம் கேட்டது. முதலாளி யாரையோ, “அளக்காதீங்க சார், கை எடுத்துக் கும்பிடறேன், அளக்காதீங்க!” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். கட்டிலில் அவன் முழங்காலை மடித்துக்கொண்டு, அசைய வழியில்லாமல் கிடந்தான். எழுந்து ஓட முடியாது. திரும்பிப் படுத்து முகத்தை மறைக்க முடியாது. பேச்சை மாற்றச் செடிகூடக் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இல்லை. அவள் கை மெத்தை மேல், அவன் விரலுக்கு எட்டும் இடத்தில் இருந்தது. எட்டிப் பிடித்தான். தொண்டையைச் செருமினான். முதுகெலும்பிடம் சொன்னது ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

“இந்தாம்மா… எனக்கு நிஜ அளவுல ஒரு கட்டில் செஞ்சு குடு. ரெண்டு பேருக்கு. அது வர்ற வரைக்கும் தரையில ஒரு பாயைப் போட்டுக்கலாம். நீ இன்னிக்கே குட்டி ரூம்லேர்ந்து உன் தலகாணியை எடுத்துட்டு என் பக்கத்துக்கு வந்துடு.”